வண்டியை எதற்கு நிறுத்தினீர்கள்? நிலக்காட்சிப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் விடிவதற்கு முன்பே கேமராவை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலைச் சுற்றியுள்ள வயல், குளம், கடற்கரை என்று கிளம்பிவிடுவேன். சில நாள் கூடவே வர விரும்பும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த லென்ஸ் வாங்கணும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "இங்க வண்டியை எதுக்கு நிறுத்தின?"

இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. "எல்லாமே அழகா இருந்துச்சு" என்பது பதில் ஆகாது. தேரூர் குளக்கரையில் நின்று வடக்கே பாருங்கள். பக்கத்தில் தாமரை இலை, கொஞ்சம் தள்ளிக் கொக்குகள், அக்கரையில் தென்னை, அதற்குப் பின்னால் மலை, மலைமேல் மேகம். எல்லாம் வேண்டும் என்று ஃபிரேமை அகலமாக்கிக்கொண்டே போனால் மலை ஒரு விரல்கடைக் கோடாகச் சுருங்கிவிடும், கொக்கு வெள்ளைப் புள்ளியாகிவிடும். நேரில் நிற்கும்போது நம் கண் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது, வேண்டாததை விட்டுவிடுகிறது. கேமராவுக்கு அது தெரியாது. எதை விடுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

மலையுச்சியில் தங்கியிருந்த மேகத்துக்காக வண்டியை நிறுத்தினீர்களா? அப்படியானால் குளம் வேண்டாம். ஜூம் செய்து மலையையும் மேகத்தையும் மட்டும் எடுங்கள். தண்ணீரில் தெரிந்த மலைக்காக நிறுத்தினீர்களா? அப்படியானால் வானத்தில் பெரும்பகுதி வேண்டாம், கரையில் உட்காருங்கள். எந்த லென்ஸ், எந்த உயரம், எந்த நேரம் என்பதெல்லாம் இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டே வரும்.

கையில் மொபைல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுவே போதும், தாராளமாகத் தொடங்கலாம். முதலில் லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பையில் கிடந்த போனில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதனால்தான் வெளிச்சமெல்லாம் பிசுபிசுவென்று பரவித் தெரிகிறது. செட்டிங்ஸில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், அடிவானம் சாயாமல் இருக்கும். இரண்டு விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள். உங்கள் போனில் இரண்டு மடங்குக்கோ மூன்று மடங்குக்கோ தனி லென்ஸ் இருந்தால் அந்த பட்டனை அழுத்துங்கள். இல்லையென்றால் அப்படியே எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அப்புறம், திரையில் வானத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பெரும்பாலான போன்களில் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். மேகத்தின் விளிம்பு திரும்பி வருகிற இடத்தில் நிறுத்துங்கள். படம் சற்று இருட்டாகத் தெரியும், பரவாயில்லை. இருட்டைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன மேகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கேமராவில் எடுப்பவர்களும் இதையே செய்ய வேண்டும். ஹிஸ்டோகிராம் என்பது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். அதில் மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவைக் குறையுங்கள். முடிந்தால் ரா ஃபைலாக எடுங்கள், கேமரா பதிந்த விவரமெல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் நின்றபடியேதான் எடுக்கிறார்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டியிருப்பார்கள். பூதப்பாண்டி, தெரிசனங்கோப்புப் பக்கம் போனால் நட்டும் நடாமலும் கிடக்கும் வயல்களில் மலை தலைகீழாகத் தெரியும். வரப்பில் நின்று பார்க்கும்போது மலையுச்சியின் பிம்பம் விழும் இடம் நம்மிடமிருந்து 15, 20 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே அடுத்த வரப்பு வந்துவிடும், இல்லையென்றால் நட்ட நாற்று மறைக்கும், பிம்பம் துண்டு துண்டாகும். குத்தவைத்து உட்கார்ந்து கேமராவை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதே பிம்பம் நாலைந்து மீட்டரில், உங்கள் முன்னால் கிடக்கும் தண்ணீருக்கே வந்துவிடும். இடத்தை மாற்றவே இல்லை, உயரத்தை மட்டும்தான் மாற்றினீர்கள். அதோடு கால் பக்கத்தில் இருக்கும் நாற்றுமுடி ஒன்று ஃபிரேமுக்குள் பெரிதாக வந்து நிற்கும். பார்ப்பவரின் கண் அதில் தொடங்கித் தண்ணீர் வழியாக மலைக்குப் போகும். இதைக் காற்று எழும்புவதற்கு முன் காலையில் செய்துவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் தண்ணீர் சிலிர்க்கத் தொடங்கினால் பிம்பம் கலைந்துவிடும்.

சில நேரம் உட்காருவது தப்பான முடிவாகவும் இருக்கும். வரப்புகள் வளைந்து வளைந்து போகும் அழகுக்காக நிறுத்தியிருந்தால் மேலே ஏற வேண்டும். ரோட்டு மேடு, குளத்துக்கரை, பாலம் எதுவானாலும் சரி. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலிருந்து கீழே பார்த்தால் பறளியாறு மரங்களுக்கு நடுவே எப்படித் திரும்புகிறது என்பது முழுசாகத் தெரியும். ஆற்றங்கரையில் நின்று அதை எடுக்கவே முடியாது.

அடுத்தது வெளிச்சம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய நேராகவே மேலே ஏறிவிடும். வட நாடுகளில் அது சாய்வாக ஏறுவதால் பொன்வெளிச்சம் நெடுநேரம் கிடைக்கும். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதே கணக்கில் ஏழரைக்கு வந்தால் இங்கே வெயில் வெள்ளையாகியிருக்கும். நமக்குச் சூரியோதயம் வருஷம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான். அதற்கு அரை மணி முன்னால் இடத்தில் இருங்கள். முதல் வெயில் விழுந்ததிலிருந்து அரை மணி நேரம்தான் உங்கள் கையில். எங்கே நிற்கப் போகிறோம் என்பதை முந்தைய நாளே பார்த்து வைத்தால்தான் அந்த அரை மணி உங்களுடையது.

வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். தேரூரில் வடக்கு பார்த்து நின்றால் காலை வெயில் வலப்பக்கமிருந்து வரும். மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். மலைக்கு உருவம் கொடுப்பது அந்த நிழல்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும், மலை மட்டும் தட்டையாகிவிடும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் தெற்கு பார்த்த சரிவுகளில் நன்றாக வெயில் விழும். ஆனி மாதம் அது வடகிழக்குக்குப் போய்விடும், அதே சரிவுகள் காலையில் நிழலில் கிடக்கும். ஒரே இடத்துக்கு வேறு வேறு மாதத்தில் போகச் சொல்வது இதற்காகத்தான். இளம் நெல்லுக்கு மட்டும் வேறு கணக்கு. சூரியனைப் பார்த்து நின்று எடுங்கள், வெயில் இலையை ஊடுருவி வரும்போது நெல்லே விளக்கு ஏற்றியது போல இருக்கும்.

கடலோரத்திலும் இந்தத் திசைக் கணக்கு உண்டு. கன்னியாகுமரியிலிருந்து முட்டம் வரை கரை மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாய்ந்து போகிறது. அதனால் மார்கழி, தை மாதங்களில் குமரிமுனையில் நின்றால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனி மாதம் அது கரைப்பக்கமாகப் போய் மறையும். வெளியூரிலிருந்து ஜூன் மாதம் வந்து ஏமாந்துபோகிறவர்கள் நிறையப் பேர். சூரியன் எங்கே உதிக்கும், எங்கே மறையும் என்று காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமி அன்று குமரிமுனையில் மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழும். கூட்டம் மிக அதிகமாக இருக்கும். மதியமே போய் இடம் பிடிக்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் தூரத்து மலைகளைப் புகைமூட்டம் மூடிக்கொள்ளும். அப்போது மலையை விட்டுவிட்டுப் பனை, குளம், பாறை என்று பக்கத்தில் இருப்பதை எடுங்கள். மலைக்கு ஏற்ற நாள் மழை விட்ட மறுநாள் காலை. தூசியெல்லாம் கழுவிப் போயிருக்கும், பள்ளத்தாக்கில் மேகம் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் கேமராவை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

கேமராவில் எண்களை எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். லென்ஸின் துளை அளவை (அப்பர்ச்சர்) நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் அப்பர்ச்சர் முன்னுரிமை மோட், எஃப் 8 அல்லது 11, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓ 100. எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22க்குப் போகாதீர்கள். துளை அவ்வளவு சிறிதானால் ஒளி சிதறிப் படம் முழுக்கவே மங்கும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். ட்ரைபாடில் வைத்தால் 2 நொடி டைமர் போட்டு விரலை எடுத்துவிடுங்கள். கேமராவுடன் வரும் 18-55 லென்ஸ் ஒரு வருஷத்துக்குத் தாராளம்.

இரண்டாவது லென்ஸ் வாங்கினால் அகலக் கோண லென்ஸ் வாங்காதீர்கள், 55-250 மாதிரி, தூரத்தில் இருப்பதை இழுத்துப் பெரிதாகக் காட்டும் ஒரு டெலி லென்ஸ் வாங்குங்கள் என்பது என் கட்சி. நிலக்காட்சி என்றாலே அகலம் என்று பலர் நினைக்கிறார்கள். மலைக்கு அது ஒத்துவராது. படுத்திருக்கும் பெண்ணைப் போலத் தெரியும் தாடகை மலையை அகல லென்ஸில் எடுத்தால் அந்த உருவமே இருக்காது. ஒரு பனையிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளிப் போய் டெலியில் எடுத்துப் பாருங்கள். பனையும் வேண்டிய அளவில் இருக்கும், மலையும் அதன் முதுகில் ஓங்கி நிற்கும். பனங்கொண்டை மலையின் விளிம்புக்கோட்டில் ஒட்டிக்கொண்டால் இடப்பக்கமோ வலப்பக்கமோ இரண்டடி நகருங்கள். கொண்டை வானத்துக்குப் போய்ப் பிரிந்து நிற்கும். நகர்வதற்குக் காசு கிடையாது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேக ஷட்டரில் எடுத்தால் இறக்கைகள் நின்றுபோனது போல இருக்கும். எட்டில் ஒரு நொடி, கால் நொடி என்று வைத்தால்தான் சுற்றுவது தெரியும். அந்த வேகத்துக்கு ட்ரைபாட் கட்டாயம். ஆனி, ஆடிக் காற்றில் ட்ரைபாடின் கால்களை நீட்டாமல் தாழ்வாக வையுங்கள், பையை நடுவில் தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள். அந்தரத்தில் ஆடும் பை கேமராவையும் சேர்த்து ஆட்டும்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர்களில், பளபளப்பை அடக்கும் போலரைசர் ஒன்று மட்டும் வாங்கத் தகுந்தது. மழை ஈரத்தில் இலைகள் பளபளத்து நிறம் போய்விடும்போது அதைத் திருப்பினால் பச்சை திரும்பி வரும். சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது வானத்தில் அதிகம் வேலை செய்யும். தண்ணீரில் பிம்பம் எடுக்கும்போது கவனம், தப்பாகத் திருப்பினால் பிம்பத்தையே அழித்துவிடும். மற்ற ஃபில்டர்களைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

முட்டம் பாறைகளில் கேமராவை வைப்பதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். எந்தப் பாறை நனைந்து கறுத்திருக்கிறதோ அதுவரை அலை வருகிறது என்று அர்த்தம், அதில் கால் வைக்காதீர்கள். ஒரு படத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டிய இடம் உலகத்தில் எங்கும் இல்லை. லென்ஸில் உப்புத்துளி படிந்தால் உடனே தேய்க்கக் கூடாது, கீறல் விழும். முதலில் கையால் அமுக்கும் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, பிறகு லேசாக ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவையுங்கள்.

வயலில் இறங்கும்போது வரப்பின் நடுவில் நடங்கள், ஓரம் இடிந்தால் கட்டிய தண்ணீர் வடிந்துவிடும். நடவு நடப்பவர்களை எடுக்க ஆசைப்பட்டால் முதலில் போய்ப் பேசுங்கள். "என்னம்மா, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். அவர்கள் முதுகு வளைந்து நிற்பது உங்கள் ஃபிரேமுக்காக அல்ல.

வீட்டுக்கு வந்தபிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடிவானத்தை நேராக்குங்கள், ஓரத்தில் நுழைந்த கரண்டுக் கம்பியை வெட்டுங்கள், இருட்டான இடத்தை லேசாகத் தூக்குங்கள். நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷனில் கை வைக்காதீர்கள். இளம் நெல்லின் பச்சையில் மஞ்சள் கலந்திருக்கும், கதிர் வந்தபிறகு வேறு பச்சை, அறுப்புக்கு முன் இன்னொரு நிறம். வயலோடு வாழ்கிறவர்கள் நிறத்தை வைத்தே பயிரின் வயதைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே பெயின்ட் பச்சையாக்கினால் அந்த வயலின் மாதமே படத்திலிருந்து போய்விடும்.

பிடித்த படம் ஒன்றை 12க்கு 18 அளவில் பிரின்ட் போடுங்கள். மொபைல் திரையில் தெரியாத சாய்வும் ஓரத்துக் குப்பையும் அதில் தெரிந்துவிடும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் படங்கள் இந்த அளவுக்கு அப்படியே பொருந்தும். மொபைலில் எடுத்தது 4க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால் மேலேயோ கீழேயோ வெட்ட வேண்டிவரும். எங்கே வெட்டுவது என்பதை லேப்காரர் கையில் விடாதீர்கள். எதற்காக வண்டியை நிறுத்தினீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, நீங்களே வெட்டிக் கொடுங்கள்.