படத்தில் வண்ணம் உண்டா: நிரல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில், பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து, கலர் பிரிண்டுக்குப் போக வேண்டிய பக்கங்களை நிரலே பிரித்துத் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் முதலில் பார்ப்பது, கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்கள் (ஒவ்வொரு புள்ளியிலும் அந்தந்த நிறத்தின் அளவை 0 முதல் 255 வரையிலான எண்ணாகச் சொல்லும் அடுக்குகள்) உள்ளனவா என்பதைத்தான். கலர் முறையில் ஸ்கேன் செய்தால், கறுப்பு எழுத்து மட்டுமே உள்ள பக்கத்திலும் அவை மூன்றும் இருக்கும்.

ஒரு புள்ளியின் மூன்று மதிப்புகளும் சமமாக இல்லாவிட்டால் வண்ணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பழுப்பேறிய தாளின் ஒரு புள்ளி 235, 220, 190 என்று இருந்தால், வெற்றுத் தாளே கலர் பக்கமாகிவிடும். ஆகவே தாளின் நிறத்தை முதலில் விலக்க வேண்டும். முழுப் பக்கத்தின் நிறச் சராசரியை நம்புவது இதற்கு நேர்மாறான தவறு. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ4 பக்கத்துக்கு ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள், 3 செ.மீ. விட்டமுள்ள ஊதா முத்திரை அதில் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும் என்பதால், சராசரியில் அது கரைந்துபோகும். முத்திரை கறுப்பாக வந்த நகலை வக்கீல் குமாஸ்தா வாங்கமாட்டார். நிறம் அழுத்தமாக உள்ள புள்ளிகளை எண்ணுவதே பொருத்தம்.

புகைப்படம் எவ்வளவு வண்ணமயமானது என்பது வேறு கேள்வி. இதற்கு, நிறம், செறிவு, ஒளிர்வு எனப் பிரிக்கும் ஹெச்எஸ்வி முறையின் செறிவை மட்டும் எடுத்தால், இரவில் எடுத்த சித்திரைத் திருவிழாப் படத்தின் இருட்டுகூட ஏமாற்றும்: கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் 10, 5, 5 என்ற புள்ளியின் செறிவு 50 சதவீதம். 2003இல் ஆய்வாளர்கள் ஹாஸ்லரும் சூஸ்ட்ரங்கும் தந்த வண்ணமய அளவீடு இதைவிட நம்பகமானது. அது சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம் ஆகிய வேறுபாடுகளின் பரவலை (திட்ட விலக்கத்தை) முழுமையாகவும், சராசரியை 0.3 மடங்காகவும் சேர்க்கிறது. அதனால் 128, 0, 0 என்ற ஒரே அரக்கு நிறத்தில் உள்ள துணி, பரவல் இல்லாததால், சராசரியால் மட்டும் ஏறத்தாழ 42.9 பெறும், பல நிறச் சுதைகள் நிறைந்த கோபுரப் படத்துக்குப் பரவலும் சேர்ந்துகொள்ளும்.

இச்சூத்திரத்தை எழுதும்போது எட்டு பிட் எண்களை அப்படியே கழிக்கக் கூடாது. அவற்றில் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதால், பைத்தானின் கணித நூலகமான நம்பையில் 5இலிருந்து 10 போனால் 251 வரும். படங்களைக் கையாளும் நூலகமான ஓப்பன்சிவி நீலத்தை முதலில் வைத்துப் படிப்பதையும் பலர் கவனிப்பதில்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. அதே அரக்குத் துணிக்கு 38.4 என்று விடை மட்டும் மாறியிருக்கும்.