செயல்திட்டம் முடிந்துவிட்டதா? சிந்தனை மீட்சியை இப்படி எழுதுங்கள்

அறிக்கை தயார். படங்களும் ஒட்டியாயிற்று. மிஞ்சியிருப்பது சிந்தனை மீட்சி, அதாவது செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து எழுதும் கடைசிப் பக்கம்தான். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் இரவு, "இச்செயல்திட்டத்தின்வழி நிறைய கற்றுக்கொண்டேன், நேரத்தை நன்கு பயன்படுத்தினேன்" என்று எழுதி முடிப்பவர்களே அதிகம். அந்த வரியை எந்தச் செயல்திட்டத்திலும் ஒட்டிவிடலாம். நீங்கள் செய்த வேலையின் வாடையே அதில் இருக்காது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்புறத்தில் ஐந்தாம் படிவ மாணவர் செய்யக்கூடிய ரப்பர் பால் உறைதல் செயல்திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று முகவைகளில் 20 மில்லிலிட்டர் பால். ஒன்றில் நீர்த்த ஃபார்மிக் அமிலம், இன்னொன்றில் அம்மோனியாக் கரைசல், மூன்றாவதில் எதுவும் இல்லை.

படி 1: குறிப்பேட்டைத் திறங்கள்

அறிக்கையை மூடி வையுங்கள். அதில் எல்லாமே சுத்தமாக இருக்கும். அடித்துத் திருத்திய இடமும் கேள்விக்குறி போட்ட இடமும் குறிப்பேட்டில்தான் கிடைக்கும். அவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். குறிப்பேடே இல்லையென்றால், கைப்பேசியில் எடுத்த படங்களின் நேரத்தை வரிசையாகப் பார்த்தாலும் பாதி நினைவுக்கு வந்துவிடும்.

படி 2: ஒன்றைப் பிடியுங்கள்

வட்டமிட்டதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். பக்கத்து ஊரான கோல கங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டதும், அவற்றில் ஒன்று மரமாக இன்றும் நிற்பதும் அருமையான செய்திதான். ஆனால் அது முன்னுரைக்கு உரியது. இங்கே கொண்டுவந்தால் பக்கம் நிறையும், சிந்தனை இருக்காது.

படி 3: "ஏன்" என்பதை வேதியியலால் சொல்லுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. "பால் சரியாக உறையவில்லை" என்பது நடந்ததைச் சொல்கிறது. காரணத்துக்குப் பாலின் உள்ளே போக வேண்டும். ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் புரதச் சவ்வு மூடியிருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ததும், துகள்கள் மோதி, சவ்வு உடைந்து, ரப்பர் பின்னிக் கட்டியாகிறது. இது தெரிந்தால் மாணவர்களுக்கு வழக்கமாக நேரும் மூன்று பிழைகளுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

பள்ளிக்கு வருமுன்பே பால் திரிதிரியாகப் போயிருந்தால், பாக்டீரியா ஏற்கெனவே அமிலம் உண்டாக்கிவிட்டது. காலையில் வெட்டிய பால் வெயிலில் கிடந்திருக்கலாம், இல்லை மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணத்தில்) பழைய ஒட்டுப்பால், அதாவது முன்பே உறைந்து ஒட்டிய பால், இருந்திருக்கலாம்.

அமிலம் ஊற்றியும் உறையவில்லை என்றால், அந்தப் பாலில் கெடாமலிருக்க அம்மோனியா கலந்திருக்கலாம். முதலில் ஊற்றிய அமிலம் அம்மோனியாவைச் சமன்செய்யவே செலவாகிவிடும்.

மேலே தோல் கட்டி, குத்திப் பார்த்தால் உள்ளே இன்னும் வெள்ளைப் பால் ஓடுகிறதா? அமிலம் அடர்த்தியாக இருந்தது, அல்லது ஒரே இடத்தில் ஊற்றிவிட்டீர்கள். அமிலம் பட்ட இடம் உடனே கட்டியாகி, மீதிக்கு வழியை அடைத்துவிட்டது.

படி 4: அடுத்த முறைக்கு அளவு சொல்லுங்கள்

"இன்னும் கவனமாகச் செய்வேன்" என்பதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"அமிலத்தை ஒரேயடியாக ஊற்றியதால் மேற்பகுதி மட்டும் உறைந்தது. மீண்டும் செய்தால் 5 மில்லிலிட்டர் நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் கோலால் மெதுவாகக் கலக்குவேன். கோலைத் தூக்கும்போது பால் சொட்டாத நிலையையே 'உறைந்தது' என்று கொள்வேன்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எது "உறைந்தது" என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால்தான் மூன்று பேர் குழுவில் மூன்று விதமான நேரங்கள் வருகின்றன. இந்த ஒரு குறையை நேர்மையாக எழுதினாலே பக்கம் உயர்ந்துவிடும்.

படி 5: நன்றியோடு நிறுத்தாமல், எப்படி உதவினார்கள் என்பதை எழுதுங்கள்

பால் கொடுத்த அக்காவுக்கு வெறும் நன்றி போதாது. மழைநீர் விழுந்த மங்கை ஒதுக்கச் சொன்னாரா? அதை எழுதுங்கள். தண்ணீர் கலந்தால் பாலில் ரப்பரின் அளவு குறைந்து, மூன்று முகவைகளையும் ஒப்பிடவே முடியாமல் போயிருக்கும். அவர் சொன்னது உங்கள் முடிவைக் காப்பாற்றிய செய்தி.

எழுதி முடித்ததும், "பால்", "அமிலம்" ஆகிய சொற்களைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் பக்கம் பொருள் தந்தால், அது வேறு எந்தச் செயல்திட்டத்துக்கும் பொருந்தும் பக்கம். படி 3-க்குத் திரும்பிப் போங்கள்.