பைக் பேட்டரி: மாற்றும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள்

காலையில் அவசரமாகப் புறப்படும் வேளையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்கிறது. ஹாரன் தொண்டை கட்டியது போல முனகுகிறது. இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. இவற்றைக் கண்டவுடன் ‘பேட்டரி போய்விட்டது’ என்று தீர்ப்பெழுதிவிட்டுக் கடைக்குப் போவதே பலரின் வழக்கம். அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் சார்ஜ் இறங்கிய பேட்டரி வேறு, ஆயுள் முடிந்த பேட்டரி வேறு; நல்ல பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாமல் பட்டினி போடும் வண்டி முற்றிலும் வேறு. மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். மூன்றாவது வகை வண்டியில் எத்தனை புதிய பேட்டரியை மாட்டினாலும் சில மாதங்களில் அதே ‘டிக் டிக்’ திரும்பிவரும். ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரிகளுக்குப் பணம் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. குற்றவாளி, எஞ்சின் உண்டாக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் ரெக்டிஃபையர் என்பது மூன்றாவதை வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பேட்டரியை அல்ல, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரை. அதை டி.சி. 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் தொட்டால் போதும். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, சாவி போடாத நிலையில் அளப்பதே சரி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால், மேலோட்டமாக ஏறிய சார்ஜ் காரணமாக எண் கூடுதலாகக் காட்டும். 12 வோல்ட் பேட்டரி என்பது ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு செல்களின் தொடர். எனவே முழுச் சார்ஜில் உள்ள தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி 12.6 முதல் 12.7 வரையும், மூடிய வகைப் பேட்டரி 12.8 அளவிலும் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. நன்றாகச் சார்ஜ் செய்த பிறகும் 10.5-ஐச் சுற்றியே எண் நிற்குமானால் ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள். அந்தப் பேட்டரியை எந்த வைத்தியமும் மீட்காது.

அடுத்து, மீட்டர் முனைகளை எடுக்காமலேயே செல்ஃபை அழுத்திப் பார்க்க வேண்டும். மோட்டார் சுழலும் அந்த ஓரிரு நொடிகளில் எண் இறங்குவது இயல்பு. ஆனால் அது 9.5-க்குக் கீழே போகக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃபை அழுத்தியதும் 7, 8 என்று சரிந்தால் உள்ளே தகடுகள் தேய்ந்துவிட்டன. மாறாக, எண் 12-க்கு மேலேயே அசையாமல் நின்று ‘டிக்’ ஓசை மட்டும் வந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்; மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, தளர்ந்த டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை), மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது அளவீட்டைத்தான் பலர் செய்வதில்லை; என் பணத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியதும் அதுவே. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைப் பாதி அளவு முறுக்கியபடி பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். முறுக்கியும் எண் ஏறாமல் 12-இலேயே நின்றால் எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ காயில், ரெக்டிஃபையர், இடையிலுள்ள கனெக்டர் ஆகியவற்றில் எங்கோ பழுது இருக்கிறது. எண் 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கைவிட்டுவிட்டது; பேட்டரி கொதித்து, தண்ணீர் வற்றி, பக்கங்கள் உப்பிவிடும். உப்பிய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவதற்கு முன் ரெக்டிஃபையரை மாற்றியாக வேண்டும்.

மூன்று அளவும் சரியாக இருந்தும் இரண்டொரு வாரம் நின்ற வண்டி கிளம்ப மறுக்கிறதென்றால் எங்கோ மின்கசிவு இருக்கலாம். ஜி.பி.எஸ். கருவி, திருட்டு அலாரம், மொபைல் சார்ஜர் போன்று பின்னர் பொருத்தியவைதான் பெரும்பாலும் காரணம். 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள (ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் ஐந்து மணி நேரம் தரும்) பேட்டரியிலிருந்து 20 மில்லி ஆம்பியர் ஓயாமல் ஒழுகினால் 250 மணி நேரத்தில், அதாவது சுமார் பத்து நாளில், அது முற்றிலும் காலியாகிவிடும். இதைக் கண்டறிய, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரை இணைக்க வேண்டும். அப்போது மறந்தும் சாவியைத் திருப்பவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, நம் ஊரில் பேட்டரிக்கு எமன் குளிரல்ல, வெயில். வெப்பம் கூடக்கூட உள்ளே வேதிவினை வேகமெடுத்து, தகடுகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. இதைவிட மெதுவாகக் கொல்வது அரைகுறைச் சார்ஜ். பேட்டரி காலியாகும்போது தகடுகளில் படியும் ஈய சல்பேட், உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப் படிகமாக இறுகி, பிறகு கரைய மறுக்கும். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர், அங்கிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடித்து ஓட்டும் வண்டியில் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்கே நேரம் கிடைப்பதில்லை. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிவதால், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றிவிடலாம் என்ற பழைய நம்பிக்கையும் பலிப்பதில்லை. கிக்கர் உள்ள வண்டியில் காலையின் முதல் ஸ்டார்ட்டையாவது கிக்கரில் அடிப்பது நல்ல பழக்கம். ஊருக்குப் போவதால் வண்டி ஒரு மாதம் நிற்குமென்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது அதனினும் நல்லது.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் மாதம் ஒருமுறை அளவைப் பார்த்து, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் இருக்குமாறு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆகா, அவற்றிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் ஆவியாகிப் போனது தண்ணீர்தானே தவிர ஆசிட் அல்ல. பக்கவாட்டிலிருந்து கீழிறங்கும் சிறிய ரப்பர் குழாய் மடங்காமலும் அடைபடாமலும் இருக்க வேண்டும். அது செயின்மீதோ சைலன்சர்மீதோ சொட்டக் கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் இறுக்கிவிட்டு, மேலே மெல்லிதாக வாசலின் தடவலாம். சோடாத் தண்ணீர் ஒரு துளியும் செல்லுக்குள் போய்விடக் கூடாது. மூடிய வகைப் பேட்டரியின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். சார்ஜரில் போடுவதானால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே பாதுகாப்பானது. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக்கான சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் நெருப்பும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் புதியது வேண்டும் என்று முடிவானால், பழைய பேட்டரியின் மேலுள்ள எழுத்துகளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது சிக்கலில் முடியலாம்: இன்றைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 8 ஆம்பியர்-மணி பேட்டரி, அதே பெயரில் வந்த முந்தைய தலைமுறைக்கு 14. ஸ்பிளெண்டர், ஆக்டிவா போன்றவற்றின் புதிய மாடல்களுக்கு 3 போதும். கொள்ளளவு, நீள அகல உயரம், பாசிட்டிவ் முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்பது ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். முனை மாறினால் ஒயர் எட்டாது. இழுத்துக் கட்டினால் பிறகு உராய்ந்து ஷார்ட் ஆகும். குறைந்த கொள்ளளவுள்ளதை விலைக்காக வாங்குவது வீண். லித்தியம் பேட்டரி எடை குறைவுதான்; ஆனால் விலை அதிகம், அதற்கென்றே தனிச் சார்ஜரும் வேண்டும் என்பதால் அன்றாட ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் கவனிக்க வேண்டியது தயாரிப்புத் தேதி. ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் கிடந்ததை வாங்குவதைத் தவிருங்கள். வாரண்டியில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலைத் தள்ளுபடி மட்டும் என்பதைப் பிரித்துக் கேட்டு, அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். ஆசிட் ஊற்றித் தரும் வகையானால் முதல் சார்ஜை முழுமையாக ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஊற்றியவுடன் மாட்டி அனுப்பப்படும் பேட்டரி பிறவியிலேயே பலவீனமானது. பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. அதனால் ஈயமும் ஆசிட்டும் நிறைந்த அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

மாற்றுவது எளிய வேலை. பல வண்டிகளில் 10 எண் ஸ்பேனரும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் போதும். சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். டெர்மினலுக்குள் இருக்கும் சதுர நட்டு கீழே விழுந்து விழுந்து பொறுமையைச் சோதிக்கும். அதன் அடியில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிவிட்டால் போல்ட்டுக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். பேட்டரியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையை மாட்ட மறக்க வேண்டாம். அதிர்வும் தகடுகளை உதிர்க்கும்.

எல்லாம் முடிந்ததும் மாட்டிய தேதியை மார்க்கரால் பேட்டரியின்மேல் எழுதிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை மறுபடி வையுங்கள். எண் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் நின்றால் சைடு பேனலை மூடிவிடலாம்.