கார் உள்பக்க பிளாஸ்டிக் பிசுபிசுக்கிறதா? தேய்ப்பதற்கு முன்னால்

கதவுக் கைப்பிடியைப் பிடித்தால் விரல் ஒட்டுகிறது. பவர் விண்டோ சுவிட்சை அழுத்தினால் கைரேகை அப்படியே பதிகிறது. நகம் பட்ட இடத்தில் கருப்பாகச் சுருண்டு வருகிறது. கொஞ்சம் வயதான கார்களில் இது சகஜம். உடனே எல்லாரும் செய்வது, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பது. காய்ந்ததும் பழையபடி பிசுபிசுப்பு. சரி, போதாது போல என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். முதல் தவறே இதுதான். ஒட்டுவது மேலே படிந்த அழுக்கு இல்லை, பூச்சே கெட்டுப்போயிருக்கிறது.

வெறும் பிளாஸ்டிக் தொட்டால் கடினமாக, மலிவாகத் தெரியும். அதனால் அதன் மேல் பாலியூரித்தேன் வகைப் பூச்சு ஒன்றை மெல்லியதாக அடிக்கிறார்கள். புதிதில் ரப்பர் போல மெத்தென்று இருக்கும். காற்றிலுள்ள ஈரம் பட்டுப்பட்டு அந்தப் பூச்சின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுபடும். வேதியியலில் நீராற்பகுப்பு என்பார்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் சூடு அதை வேகப்படுத்தும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் சன்ஸ்கிரீனும் பூச்சை இன்னும் இளக்கும். அதனால்தான் கை அதிகம் படும் இடம் முதலில் ஒட்ட ஆரம்பிக்கிறது. அறுந்த சங்கிலியை மறுபடி சேர்க்க வழி இல்லை. பவுடர் தூவினால் சில நாள் ஒட்டாது, அப்புறம் பவுடரும் சேர்ந்து சாம்பல் நிறக் களிம்பாகிவிடும். பளபளப்புக்கான சிலிக்கான் பாலிஷ் அதைவிட மோசம். பின்னால் பெயிண்ட் அடிக்க நினைத்தால், சிலிக்கான் இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

ஆக, பூச்சை எடுத்தே ஆக வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு, பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன். வீட்டில் இருந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு சுவிட்ச் பேனலைத் துடைத்தேன். பூச்சு நொடியில் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது முறை துடைத்தபோது பஞ்சு இழுபட்டது. பஞ்சு நார்கள் பிளாஸ்டிக்கிலேயே புதைந்து, அந்த இடம் மங்கலாக, சொரசொரப்பாகக் காய்ந்தது. ரிமூவரில் இருந்தது அசிட்டோன். கார் உள்பாகங்களில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும், பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் விரிசல் விட வைக்கும். பெயிண்ட் தின்னரும் இதே கதைதான். பெட்ரோலை காருக்குள் கொண்டுபோவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனக்குச் சரிப்பட்டது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவம். ஏபிஎஸ், பாலிப்ரொப்பிலீன் ஆகிய இரண்டு பிளாஸ்டிக்குகளையும் துடைக்கிற நேரத்துக்குள் அது ஒன்றும் செய்யாது. கை கழுவும் சானிட்டைசர் ஜெல்லும் ஆல்கஹால்தானே என்று எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், துடைத்த பிறகும் வழவழவென்று நிற்கும். எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பாகத்தைக் கழற்ற முடிந்தால் பின்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பதும் உதவும். மீட்டர் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற மூடி பல கார்களில் அக்ரிலிக். அதன் மேல் ஆல்கஹால் பட்டால் மயிரிழை போல வெடிப்புகள் வரலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆல்கஹாலை ஊற்றித் தேய்த்தால் பாதி வேலைக்குள் ஆவியாகிப் போய்விடும். நனைத்த துணியைப் பாகத்தின் மேல் போர்த்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை மூடி, ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பூச்சு இளகி, ஈரமான தோல் போல நகரும். தேய்க்க வேண்டியதில்லை, வழித்தால் போதும். பழைய பனியன் துணி நல்லது, டிஷ்யூ பேப்பர் கிழிந்து ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். துணியின் முகத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே பக்கத்தால் துடைத்தால், எடுத்த கருப்பையே திரும்பப் பூசுகிறீர்கள். சுரண்டக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். இடுக்குகளுக்கு டூத் பிரஷ்.

கார் கதவுகளைத் திறந்து வையுங்கள். இந்த ஆல்கஹால் சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பக்கத்தில் சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது.

சுவிட்சுகள் தனி விஷயம். நேராக ஸ்பிரே அடித்தால் திரவம் உள்ளே இறங்கி, கரைந்த பிசின் உள்ளே இருக்கும் மின் தொடுமுனைகளில் போய் உட்காரும். துணியில்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல பட்டன்களில் படம் அச்சிட்டதே இல்லை. ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக்கின் மேல் கருப்புப் பூச்சு அடித்து, லேசரால் படத்தின் வடிவில் அந்தப் பூச்சை எடுத்திருப்பார்கள். மொத்தப் பூச்சையும் துடைத்துவிட்டால் படமும் போச்சு, இரவில் பட்டன் முழுக்க பல்பு மாதிரி எரியும். அந்தப் பட்டன்களை லேசாகத் துடைத்து விட்டுவிடுங்கள், அல்லது புது பட்டன் தேடுங்கள். ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் மூடி இருக்கும் இடத்திலும் ஊறவைப்பது, நெம்புவது எதுவும் கூடாது.

எடுத்து முடித்ததும் சிலர் அதிர்ந்து போவார்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பளபளவென்று, சில இடத்தில் வார்ப்புக் கோடுகளோடு, பக்கத்துப் பாகத்தோடு நிறம் பொருந்தாமல் இருக்கும். பூச்சு மறைத்துவிடும் என்று அதை அழகாக்கியிருக்க மாட்டார்கள். பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் பாலிப்ரொப்பிலீனில் எதுவும் சுலபமாக ஒட்டாது. பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும், அதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் ப்ரைமர் இல்லாமல் அடித்தால் நகம் பட்டாலே தோலாக உரியும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான்கு கைப்பிடிகளையும் வெறும் பிளாஸ்டிக்காகவே விட்டுவிட்டேன். மழுங்கிப்போன அந்த சுவிட்ச் பேனலும் அப்படியே இருக்கிறது.