டூட்டி டாக்டரை எடுக்கும்போது பதிவேட்டை மூடிவிடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். இரவுப் பணிக்கு ஆண்டுதோறும் இளம் மருத்துவர்களை எடுக்க வேண்டியிருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பும் 12 மாதக் கட்டாயப் பயிற்சியும் முடித்தவர்கள் வருவார்கள். கையில் பயிற்சிப் பதிவேடு, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம்.

ஒருமுறை அதை நம்பி ஏமாந்தேன். பன்னிரண்டு பிரசவங்கள் என்று எழுதியிருந்தவர், எங்கள் பிரசவ அறையில் கையுறையோடு சுவரோரம் நின்றுவிட்டார். கேட்டால், “அங்கே கேஸ் ஷீட் எழுதினேன், மேடம்” என்றார். பொய்யில்லை, அந்த அறையில் அவரும் இருந்திருக்கிறார். அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவக் கல்விக்குப் போட்ட ஏணியில் நான்கு படிகள்: தெரியும், எப்படியென்று தெரியும், செய்து காட்டுவார், செய்வார். கையொப்பம் எந்தப் படிக்கு என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். கை பட்டிருந்தால் மட்டும் தெரிகிற சின்ன விவரத்தைக் கேளுங்கள். பண்ருட்டி முந்திரித் தோப்பிலிருந்தும் குறிஞ்சிப்பாடி வயலிலிருந்தும் எங்களுக்குப் பாம்புக்கடி வரும். “20 நிமிட ரத்தம் உறைதல் சோதனையை எதில் செய்தீர்கள்?” என்பேன். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்; உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். விஷம் ஏறாதவருக்கும் விஷமுறிவு மருந்து போய்விடும். நள்ளிரவில் கண்ணாடிக் குழாய் தேடி அலைந்தவருக்கு இந்தக் கேள்வி கேட்டதுமே முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கே நான் பாதி மதிப்பெண் போட்டுவிடுவேன்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு முறிவு மருந்தான அட்ரோபின் போதும் என்று எப்போது முடிவு செய்தார்? கண்மணி விரிவதை மட்டும் சொன்னால் புத்தகத்தில் படித்தது. நெஞ்சில் இரைச்சல் அடங்கியது, அக்குள் உலர்ந்தது என்று தொடங்கினால் படுக்கையருகே விழித்திருந்தவர்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த வாரங்களைப் பலர் ஒரே வரியில் தாண்டுவார்கள். அங்கேதான் நிறுத்துங்கள். யாரை மேல் சிகிச்சைக்கு அனுப்பினார், 108 வரும்வரை என்ன செய்தார், கடிதத்தில் என்ன எழுதினார்? புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மரில் பயின்று வந்தாலும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியில் பயின்று வந்தாலும் இதே கேள்விதான்.

பிறகு ஒரு நோயாளியிடம் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். சர்க்கரை நோயுள்ள தேவனாம்பட்டினத்துப் பாட்டி வந்தால், செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறாரா? எனக்கு அது போதும்.

எடுத்த பிறகும் முதல் இரண்டு வாரம் மூத்த செவிலியரோடு சேர்த்தே இரவுப் பணி போடுகிறேன். காலையில் டீ குடிக்கும்போது அந்தச் செவிலியரிடம் கேட்பேன்: “ராத்திரி உங்களிடம் எத்தனை தடவை சந்தேகம் கேட்டார்?” ஒரு தடவைகூட இல்லை என்றால், அன்று இரவு நானும் மருத்துவமனையிலேயே படுத்துக்கொள்கிறேன்.