நிறுவனத்துக்கு ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்களா? வேலையைக் காட்டுங்கள்

பள்ளியோ மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ, "எங்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் வேண்டும்" என்று கேட்டதும் நாம் வழக்கமாக எடுப்பது ஒரே படம்தான்: ட்ரோனில் கட்டடம், குத்துவிளக்கு, தலைவர் உரை, பின்னால் வயலின். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

1936-இல் பிரிட்டிஷ் தபால் துறையின் திரைப்படப் பிரிவு 'நைட் மெயில்' என்று ஒரு படம் எடுத்தது. தபால் துறையின் சாதனைகளை அது பட்டியலிடவில்லை, லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் ஓடும் தபால் ரயிலின் கூடவே போனது, அவ்வளவுதான். கடைசியில் வரும், ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் கவிதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு இடம்: ஓடும் ரயிலிலிருந்து தபால் பையைச் சரியான நொடியில் வெளியே நீட்ட வேண்டும், அதற்கு இரண்டு பாலம் தாண்டியதும் நாற்பத்தைந்து 'தடக்'குகளை எண்ண வேண்டும் என்று புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம். துறை எவ்வளவு திறமையானது என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

அதனால் முதலில் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைத் தேடுங்கள். பால் சங்கம் என்றால் விடியற்காலையில் கேன் வருவதிலிருந்து டேங்கர் கிளம்பும் வரை. கேமரா இல்லாமல் இரண்டு நாள் போய் உட்காருங்கள், அங்கே வேலை செய்பவர்களிடம் "எது தவறினால் இன்றைக்கு எல்லாம் நின்றுபோகும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் உங்கள் படம் இருக்கிறது.

சில காட்சிகளைத் திரும்பச் செய்யச் சொல்லவேண்டி வரும், அது தப்பில்லை. நைட் மெயிலிலும் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ரயில் பெட்டியை ஸ்டுடியோவில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள், ரயில் ஆடுவதுபோல் ஊழியர்களே உடம்பை ஆட்டினார்கள். ஆனால் அவர்கள் நிஜத் தபால் ஊழியர்கள், செய்ததும் அன்றாடம் செய்கிற வேலையே. என்றைக்கும் போடாத கையுறையைக் கேமராவுக்காக மாட்டச் சொல்வது வேறு, அது பொய்.

பேட்டிக்கு எழுதிவைத்த தாளை வாங்கி வைத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காலர் மைக் போடுங்கள், முடிந்ததும் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், எடிட்டில் ஒட்டுப்போட அது வேண்டும். "உங்கள் சேவை பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஆண்டறிக்கைதான் வரும், நேற்று காலை என்ன நடந்தது என்று கேளுங்கள். பேச்சு வழக்கைத் திருத்தவே திருத்தாதீர்கள். 1935-இல் பிரிட்டிஷ் எரிவாயு நிறுவனங்களின் சங்கம் கொடுத்த பணத்தில் எடுத்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' படத்தில், லண்டன் சேரி மக்கள் எலித்தொல்லையைக் கேமராவைப் பார்த்துத் தங்கள் சொந்தப் பேச்சிலேயே சொன்னார்கள், இன்றைக்கும் அந்தக் குரல்கள்தான் நினைவில் நிற்கின்றன.

அப்புறம் ஒப்புதல். கடைசி வார்த்தை யாருடையது என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்குங்கள், ஒரே ஒருவர். இல்லையென்றால் குழுவில் ஆளுக்கொரு வரி சேர்த்து, எட்டு நிமிடப் படம் இருபது நிமிடமாகும். வெளியிடும்போது தமிழ் வசன வரி போடுங்கள், பலர் போனில் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. சம்பளம் கொடுக்கும் நிறுவனமே படம் எடுக்கும்போது, தொழிலாளியால் சுலபமாக "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. நோயாளிக்கும் அதே நிலைமைதான். ஒரு மருத்துவமனைப் படத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் மேலாளர் பக்கத்தில் நின்றபோது தலையாட்டினார், தேநீர் இடைவேளையில் தனியாகக் கேட்டபோதுதான் "என் மகன் ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது சார்" என்றார். அவர் முகம் வரும் காட்சிகளை நீக்கிவிட்டோம். அன்றிலிருந்து சம்மதக் கடிதத்தை மேலாளர் இல்லாத இடத்தில்தான் நீட்டுகிறேன், வெளியிடும் முன் 'ரஃப் கட்' எனும் முதல் கட்டத் தொகுப்பை முதலில் படத்தில் இருப்பவர்களுக்குத்தான் போட்டுக் காட்டுகிறேன், நிர்வாகத்துக்கு அதன் பிறகு.