ஹகுரோ மலையில் பனிக்கால வழிபாடு: முதன்முறை செல்வோருக்கு

ஜப்பானின் யமகதா மாகாணத்திலுள்ள தேவா மும்மலைகளில், 414 மீட்டர் உயரமுள்ள ஹகுரோவில் மட்டுமே ஆண்டு முழுவதும் வழிபட முடியும். 1,984 மீட்டர் உயரமுள்ள கஸ்ஸானும் அதையடுத்த யுதோனோவும் குளிர்காலத்தில் பனியால் அடைபட்டுவிடுவதால், மூன்று மலைகளின் தெய்வங்களையும் ஹகுரோ உச்சியில் ஒரே கூரையின்கீழ் எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். பனி கொட்டும் மாதங்களில் இங்கே செல்பவர், அந்தக் கோயில் அப்படி அமைந்ததன் காரணத்தையே கண்ணால் காண்கிறார்.

முதலில் காலணியைக் கவனியுங்கள். முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸும், அதன் அடியில் மாட்டிக்கொள்ளப் பல் வைத்த இரும்புச் சட்டமும், பையில் ஒரு ஜோடி மாற்றுக் காலுறையும் அவசியம். மாலை 4.30 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், த்சுருஓகா ரயில் நிலையத்திலிருந்து காலைப் பேருந்திலேயே புறப்படுங்கள். குளிர்கால நேர அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, மலையடிவாரத்திலுள்ள ஸுய்ஷின்மோன் வாயிலில் தொப்பியைக் கழற்றித் தலைவணங்கி உள்ளே செல்லுங்கள். மலையேற வந்தவருக்கு இங்கே முதலில் கிடைப்பது இறக்கம். முழு வழியிலும் நான் மிகவும் அஞ்சும் இடம் இதுதான். பலர் மிதித்து இறுகிய பனியில் கற்படிகளின் விளிம்பு மறைந்து, படிக்கட்டு வழுவழுப்பான சரிவாக மாறியிருக்கும். பக்கவாட்டில் திரும்பி, குதிகாலை அழுத்தி ஊன்றி, ஒவ்வொரு அடியாக இறங்குங்கள். கீழே சிவப்புப் பாலத்தைக் கடந்தால், தேவதாரு மரங்களுக்கிடையே வண்ணம் பூசாத ஐந்தடுக்குக் கோபுரம் தெரியும். சுமார் 29 மீட்டர் உயரமுள்ள அதன் ஒவ்வொரு கூரை மடிப்பிலும் பனி தனித்தனியாகப் படிந்திருக்கும் காட்சிக்காகவே நான் மீண்டும் மீண்டும் செல்வேன். வடிவம் பௌத்தமானாலும், இன்று அது ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் கோயிலுக்கே உரியது.

புதியவர்கள் இங்கிருந்தே திரும்பிவிடுவது உத்தமம். மொத்தம் 2,446 படிகள். ஆழ்ந்த பனியில் எஞ்சியவற்றை ஏறுவது பழகியவர்களுக்கு உரியது. உச்சிக்கு வாகனச் சாலை இருக்கிறது. அவ்வழியே செல்வதில் குறைவொன்றுமில்லை.

உச்சியில், இரண்டு மீட்டருக்கும் மேல் தடித்த புல் கூரையின் விளிம்புக்கு நேர்கீழே நிற்காதீர்கள். பனிப்பாளம் முன்னறிவிப்பின்றிச் சரிந்து விழும். படியேறும்முன் பூட்ஸிலுள்ள பனியைத் தட்டிவிட்டு, கையுறைகளைக் கழற்றி, காணிக்கையிட்டு, இருமுறை தாழ வணங்கி, இருமுறை கைதட்டி, மனத்தில் வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை வணங்குங்கள். பௌத்த ஆலயங்களில் கைதட்டும் வழக்கமில்லை. அங்கே கைகூப்பினால் போதும்.